உதடு ஒட்டியதோடு முடியவில்லை: நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் காப்பீட்டு அட்டையோடு ஒரு மருத்துவமனைக் கவுன்டரில் நின்று, உதடும் அண்ணமும் (வாயின் மேற்கூரை) ஈறும் பிளந்து பிறந்த என் மகனுக்கு ஈறில் எலும்பு வைக்கும் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டேன். அங்கிருந்தவர் அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "அதான் உதடு நல்லா ஒட்டிடுச்சே, இனி அழகுக்குத்தானேம்மா? பெரிய லீவுல பாத்துக்கலாம்" என்றார். பையன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

பிளவோடு பிறந்த குழந்தைக்கு ஒரு ஆபரேஷன் போதாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பிறந்த சில மாதங்களில் உதடு, ஒன்றரை வயதுக்குள் அண்ணம், அப்புறம் பேச்சுப் பயிற்சி, காதுப் பரிசோதனை, ஏழு வயதுக்கு மேல் ஈறில் எலும்பு, பல்லுக்குக் கம்பி, வளர்ச்சி நின்றபின் தேவைப்பட்டால் தாடையும் மூக்கும். முதல் இரண்டும் எங்கள் பிள்ளைக்குச் செலவில்லாமல், நன்றாகவே நடந்தன. அந்த டாக்டர்களை இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அதற்குப் பிறகு எங்களை யாரும் கூப்பிடவில்லை.

அவனுக்கு இப்போது பத்து வயது. மேல் ஈறில் பிளவு அப்படியே இருக்கிறது. வேகமாகத் தண்ணீர் குடித்தால் மூக்கில் வருகிறது. பள்ளியில் சத்துணவு சாப்பிடும்போது சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறான். சாம்பார் மூக்கில் ஏறினால் யாரும் பார்ப்பதற்குள் சட்டைக் காலரால் துடைத்துக்கொள்கிறான். துவைக்கிறவள் நான் என்பதால் எனக்குத் தெரியும். எக்ஸ்ரேயில் அந்த இடைவெளியை நோக்கிக் கோரைப்பல் இறங்கி வருவது தெரிகிறது. அது முளைப்பதற்குள் இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வைத்தால் பல் அதில் ஊன்றிக்கொள்ளும், மூக்குக்குப் போகும் ஓட்டையும் அடைபடும். முளைத்தபின் வைத்தால் எலும்பு அந்த அளவுக்குப் பிடிக்காது. பல்லையே இழக்க நேரலாம். பெரிய லீவு வரும்வரை அந்தப் பல் நிற்காது. இதையா அழகு என்கிறார்கள்?

நான் கேட்பது ஒரு தவணை அட்டை. தடுப்பூசி ஒன்று தவறினால் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வந்து கேட்கிறார். கர்ப்பம் தெரிந்ததுமே பதிவு செய்து பிக்மி எண் என்று ஒன்று தருகிறீர்கள். பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண் கூடவே வருகிறது. பிளவுக் குழந்தையின் அடுத்தடுத்த சிகிச்சைகளையும் அதே எண்ணில் ஏற்றி, அந்தந்த வயது வரும்போது நீங்களே கூப்பிடுங்கள்.

குழந்தைகளின் உடல்நலத்துக்காக மத்திய அரசு 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய திட்டத்தில் இந்தக் குழந்தைகளுக்கும் இடமுண்டு. ஆனால் அது 18 வயதோடு முடிகிறது. தாடை, மூக்கு ஆபரேஷன்களுக்குப் பெரும்பாலும் அந்த வயதில்தான் நேரம் வருகிறது. அதற்கு மேல் அவர்கள் எங்கே போவது?

இன்னொன்றும் நெஞ்சில் கிடக்கிறது. பிளவு ஆபரேஷன் முகாம்களில் 'முன்', 'பின்' என்று இரண்டு படம் எடுக்கிறார்கள். கணக்கு அதோடு முடிகிறது. படத்தில் பேச்சு கேட்காது. ப, க, ட சொல்லும்போது காற்றெல்லாம் மூக்கு வழியாகப் போய்விடும் பிள்ளையை, "சத்தமா பேசுடா" என்று அதட்டும் ஆசிரியருக்கு இதை யார் சொல்வது? பேச்சுப் பயிற்சிக்கு மாவட்டத் தலைநகருக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போகிறது. "கிரகணத்துல வெளிய வந்தியா?" என்று இன்னமும் தாயையே குற்றவாளியாக்கும் ஊரில், அவள் தனியாக எவ்வளவு காலம் அலைவாள்? பாதியில் நின்றுவிட்டால் 'பெற்றோர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிடுவது எளிது. அடுத்து எப்போது வரவேண்டும் என்று அவளிடம் எழுதிக் கொடுத்தவர் யார்?

வார்த்தை கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிளவுக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் தவணை அட்டை கொடுங்கள். ஈறில் எலும்பு வைப்பது அழகுக்காக அல்ல என்று எல்லாக் காப்பீட்டுக் கவுன்டர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். பேச்சுப் பயிற்சியாளர் வாரம் ஒரு நாளாவது வட்டார மருத்துவமனைக்கு வர ஏற்பாடு செய்யுங்கள். கோரைப்பல் இறங்கிவரும் பிள்ளைகளுக்கு இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் தேதி கொடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிளவோடு பிறந்த ஒரு பையனின் தாய்