மூடியில் எழுதியிருப்பதுதான் பேச்சு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனசு குளிர்ந்தது. அவளுக்கு என் முத்தம்.

இனி உன் காரின் பவர் ஸ்டீயரிங். காலையில் ஒடிக்கும்போது முனகுகிறது, மாதம் ஒருமுறை அதன் டேங்கில் கொஞ்சம் ஆயில் ஊற்றவேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். முனகலைவிட இந்த ஊற்றுகிற விஷயம்தான் எனக்குக் கவலை. எஞ்சின் ஆயில் போல இது எரிந்து குறைகிற சரக்கு இல்லை. மூடிய சுற்றில் ஓடுவது. குறைகிறதென்றால் எங்கேயோ கசிகிறது. தரையில் சொட்டு இல்லையே என்று நினைக்காதே. முன் சக்கரங்களைத் திருப்பும் நீளமான ரேக்கின் இரு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை இருக்கும். உள்ளே சீல் போயிருந்தால் ஆயில் அந்த உறைக்குள்ளேயே தேங்கி நிற்கும், வெளியே தெரியாது. உறையைக் கையால் அமுக்கிப் பார், கனமாகத் தளும்பினால் ரேக் சீல்தான். அடுத்து பம்ப் புல்லிக்கு (பெல்ட் ஓடும் சக்கரம்) பின்னால், பிறகு பம்பிலிருந்து ரேக்குக்குப் போகும் பிரஷர் ஹோஸின் இரு முனைகள்.

முனகலுக்குக் காரணம் பெரும்பாலும் காற்று. டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ் உறிஞ்சுகிற பக்கம். அங்கே கிளாம்ப் தளர்ந்தாலோ ரப்பர் இறுகிப்போனாலோ ஆயில் வெளியே வராமலேயே காற்று உள்ளே போகும். எஞ்சின் ஓடும்போது மூடியைத் திறந்து பார்; நுரை தெரிந்தால் அதுதான். இன்னொன்று, டேங்கின் அடியில் இருக்கும் சல்லடை. அதில் அழுக்கு அடைத்திருந்தால், காலைக் குளிரில் கெட்டியாக இருக்கும் ஆயில் சரியாக இறங்காது, வண்டி சூடானதும் சத்தம் அடங்கிவிடும். பல வண்டிகளில் சல்லடை டேங்கோடு ஒட்டியே வரும், கழற்ற முடியாது. டேங்கையே மாற்று, பம்ப்போடு ஒப்பிட்டால் பெரிய செலவில்லை.

“சிவப்பு ஆயில் எதுவானாலும் ஊற்றலாம்” என்று யாரோ சொன்னார்களே, அதை மட்டும் கேட்காதே. நிறம் வெறும் சாயம். மூடியிலும் கையேட்டிலும் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேச்சு. டெக்ஸ்ரான் என்று இருந்தால் ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். பல ஐரோப்பிய வண்டிகள் சிஎச்எஃப் 11எஸ் என்ற பச்சை நிற சிந்தெடிக் கேட்கும். அதையும் ஏடிஎஃப்பையும் கலக்கக் கூடாது. ஹோண்டா தன் சொந்த ஆயிலைத்தான் ஊற்றச் சொல்கிறது. பிரேக் ஆயில் ஒரு துளிகூட ஆகாது. அது கிளைகால் வகை. மினரல் ஆயிலுக்குச் செய்த ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். தவறி ஊற்றிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலேயே முழுவதும் இறக்கிவிடு. கசிவை நிறுத்தும் மருந்து என்று விற்பதும் சீலை ஊதவைப்பதுதான். ரேக்கை மாற்றும் நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவே.

கசிவைச் சரிசெய்த பிறகு ஆயிலை முழுதாக மாற்று. காரில் சுமார் 1 லிட்டர் இருக்கும், 2 லிட்டர் வாங்கி வை. சிரிஞ்சால் டேங்கை உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றும் முறை சுலபம்தான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்: டேங்கில் 300 மி.லி. என்றால், ஐந்து முறை செய்தாலும் ஆறில் ஒரு பங்கு பழையது தங்கிவிடும். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடு. டேங்கைக் காலிசெய்து, ஆயில் டேங்குக்குத் திரும்பிவரும் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடு. டேங்கில் அது இருந்த குழாய் வாயை அடைத்துவிடு. புது ஆயில் ஊற்று. சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் பூட்டை மட்டும் விடுவித்து, எஞ்சின் ஓடாமல், உன் மகனை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக ஒடிக்கச் சொல். டேங்க் காலியாகவே கூடாது, காலியானால் காற்று புகுந்துவிடும். பாட்டிலில் புது நிறம் வரும்வரை இதே வேலை.

பிறகு ஹோஸை மாட்டி, எஞ்சின் ஓடாமலேயே இன்னும் 20 முறை ஒடி. குமிழி நின்றபின் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு மறுபடி ஒடி, அளவு பார். டேங்கின் பக்கவாட்டில் ஹாட், கோல்டு என்று இரண்டு கோடு இருந்தால், ஆறிய வண்டிக்குக் கோல்டு கோடுதான் கணக்கு. அதற்குமேல் ஊற்றினால் சூட்டில் விரிந்து மூடிவழியே பெல்ட்டில் வழியும்.

ஒரு பழக்கத்தை விட்டுவிடு: பார்க் செய்யும்போது ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து அப்படியே அழுத்திப் பிடிப்பது. அப்போது பம்ப் தன் உச்ச அழுத்தத்தில் வால்வு வழியாகச் சுற்றும், ஆயில் மளமளவெனச் சூடேறும். கோடியைத் தொட்டதும் துளி பின்னால் விடு.

அடுத்த கடிதத்தில் மூடியில் இருப்பதை அப்படியே எழுது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு, கருப்பா, பால்போலக் கலங்கலா, கருகிய வாடை அடிக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல். கலங்கலாக இருந்தால் தண்ணீரோ காற்றோ கலந்திருக்கிறது. ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தும் தெளியாவிட்டால் தண்ணீர்தான்.

அன்புடன்,
ராமு