இந்த முறை கருவாடு வேண்டாம்

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிறு மாலை

அன்புத் தோழிக்கு,

நீ அண்ணன் என்று கூப்பிடும் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டார். நன்றாக இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் பேசினால் அழுகை வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். காலை அமுக்கிப் பார்த்தேன், விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. பெரியவன் காரை எடுத்தான். ஈப்போ ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் கையை நான் விடவில்லை. இதயம் பலவீனமாகிவிட்டது, நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள்.

மறுநாள் டாக்டர் என்னிடம்தான் கேட்டார்: "இந்த வாரம் என்ன சமைத்தீர்கள், அம்மா?" கருவாட்டுச் சம்பல், மாங்காய் ஊறுகாய், ராத்திரியில் பாக்கெட் மீ நூடுல்ஸ், மேலே ஊற்ற உப்புக் கிச்சாப் என்கிற சோயா சாஸ். சொல்லச் சொல்ல எனக்கே நெஞ்சு அடைத்தது. உப்பு போகிற இடத்துக்கெல்லாம் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகுமாம். ரத்தத்தில் தண்ணீர் கூடினால் இதயம் அவ்வளவையும் தள்ள வேண்டும். அவருடைய இதயத்துக்கு இப்போது அந்தத் தெம்பு இல்லை.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்கிறார்கள். உப்பில் இருக்கும் சோடியத்தின் கணக்கில் 2,000 மில்லிகிராம். ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பிலேயே கிட்டத்தட்ட 900 போய்விடுகிறது! இத்தனை வருஷம் உப்பு டப்பாவை மட்டும்தான் உப்பு என்று நினைத்திருந்தேன். இப்போது கடையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படிக்கிறேன்.

நாம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்க, வரிசையில் நிற்போம். வெட்டு முடிந்து வரும்போது சட்டை முதுகில் வேர்வை காய்ந்து வெள்ளையாகப் பூத்திருக்கும். உப்புப் போட்ட கஞ்சியும் சுட்ட கருவாடும் அந்த உடம்புக்குத் தேவையாக இருந்தன. நம் அம்மாக்கள் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ரப்பர் மரங்கள் போய், எண்ணெய்ப் பனையான செம்பனை வந்து, அண்ணன் நாற்காலியில் உட்காரும் வேலைக்குப் போய் இருபது வருஷமாகிவிட்டது. வேர்வை நின்ற பிறகும் நான் அதே கையளவில்தான் உப்பு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று தட்டை நகர்த்தி வைத்தார். நான் சண்டை போடவில்லை, எனக்கும் அதே குழம்பை ஊற்றிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். இப்போது மீனுக்கு அசாம் புளி கொஞ்சம் தூக்கலாக, மிளகு, இஞ்சி, நிறையக் கறிவேப்பிலை. இறக்கும்போது கஸ்தூரி லீமாவ், அந்தக் குட்டி எலுமிச்சை, பிழிந்துவிடுகிறேன். புளிப்பும் காரமும் நாக்கில் ஏறினால் உப்பை அவ்வளவாகத் தேடுவதில்லை. ரசத்துக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. ஐந்தாவது வாரம் பேரன் வாங்கி வந்த முறுக்கைக் கடித்துவிட்டு, "ரொம்பக் கரிக்குதே" என்று கீழே வைத்தார். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

தினமும் காலையில் எடை பார்த்து காலண்டரில் எழுதுகிறோம். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இதைக் கட்டாயம் கவனி. மகள் சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். நல்லவேளை, திறக்குமுன் மருந்து கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் இருக்கிறதாம். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கும், சில வகை பிரஷர், இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பையே குழப்பிவிடும் என்றார். உன் வீட்டுக்காரரும் பிரஷர் மாத்திரை போடுகிறாரே. டாக்டரைக் கேட்காமல் அந்தப் பாக்கெட்டை வாங்காதே.

பொங்கலுக்கு வருகிறேன் என்றாய், கட்டாயம் வா. வருஷா வருஷம் நீ பங்கோர் தீவிலிருந்து வாங்கி வரும் கருவாடு மட்டும் இந்த முறை வேண்டாம், கோபித்துக்கொள்ளாதே. சித்தியவான் சந்தையில் நல்ல கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனாகப் பார்த்து ஐஸ் போட்டு எடுத்து வா. அசாம் நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி