ஸ்காட்லாந்தில் அடித்த கோல்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. வலி குறைந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். நம்மோடு ஆடியவர்களில் பல பேர் அந்த இடத்தில்தான் கோட்டை விட்டார்கள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது. டிவியில் கீழே ஓடும் செய்தியை உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்து எங்களுக்குச் சொல்கிறார். நான் வழக்கம்போலச் சாயங்காலம் கிரவுண்டுக்குப் போய்விடுகிறேன். இந்த வருஷம் சின்னப் பையன்கள் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

உன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். மறுபடியும் டீம் மாறப் பார்க்கிறான், அதுவும் இப்போது ஆடுவதைவிடச் சின்ன லீக்குக்கு, இப்படி ஊர் ஊராகப் போகிறவன் எங்கே வேர் பிடிக்கப் போகிறான் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். அதோடு நில்லாமல், "உன் லார்சன் அடித்ததெல்லாம் ஸ்காட்லாந்து லீக்கில்தானே, அதெல்லாம் ஒரு கணக்கா?" என்று அந்த ஸ்வீடன் ஃபுட்பால் ஆட்டக்காரரை வைத்து நாம் போடும் பழைய சண்டையையும் இழுத்து வைத்திருக்கிறாய். இரண்டு கேள்விக்கும் அந்த மனிதரின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், படுத்திருக்கிற நேரத்தில் படி.

ஹென்றிக் லார்சன் பிறந்தது 1971-இல், ஸ்வீடனின் தென்பகுதியில் ஹெல்சிங்போர்க் என்ற துறைமுக ஊரில். கரையில் நின்றால் எதிரே டென்மார்க் தெரியும். அப்பா கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி, அம்மா ஸ்வீடன்காரர். ஊரோடு பிள்ளை சுலபமாக ஒட்டிக்கொள்ளட்டும் என்று அம்மாவின் குடும்பப் பெயரையே வைத்தார்கள். ஹோகபோர்க் என்ற சின்ன உள்ளூர் கிளப்பில் ஆடிக்கொண்டே பழங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்தார். இருபது வயது தாண்டியும் ஆட்டம் அவருக்குச் சோறு போடவில்லை. 1992-இல் ஊரின் பெரிய கிளப்பான ஹெல்சிங்போர்க் அவரை எடுத்தது. அந்த சீசனில் மட்டும் 34 கோல். இருபத்து நாலு வருஷமாக மேல் டிவிஷனை எட்டிப் பார்க்காத கிளப் அந்த வருஷம் மேலே ஏறியது.

1993 கடைசியில் ஹாலந்தின் ஃபெய்னூர்டு கூப்பிட்டது. ஐரோப்பியக் கோப்பை வென்ற பழம்பெரும் கிளப். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய ஏற்றம். ஆனால் அங்கே நடந்தது என்ன தெரியுமா? கோச்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் ஓரத்தில் ஆட வைத்தார், இன்னொருவர் ஃபார்வர்டுக்குப் பின்னால் நிறுத்தினார். நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே வெளியே கூப்பிட்டுக்கொள்வதும் உண்டு. நாலு வருஷத்தில் 101 லீக் ஆட்டம், 26 கோல்தான். ஹாலந்துக் கோப்பையை இரண்டு முறை வென்றார் என்பது உண்மை, ஆனால் இந்த டீமில் என் இடம் எது என்று அவருக்கே தெரியாத காலம் அது.

இத்தனைக்கும் நடுவில் 1994 உலகக் கோப்பை வந்தது. காலிறுதியில் ருமேனியாவோடு பெனால்டி ஷூட்டவுட், ஆளுக்கு ஐந்து அடித்தும் முடிவு வராமல் சடன் டெத், அதாவது இனி ஒருவர் போட்டு மற்றவர் தவறவிட்டால் அத்தோடு முடிந்தது. இருபத்திரண்டு வயதுப் பையன் லார்சன் போய் அடித்து உள்ளே போட்டார். அடுத்ததை கோல்கீப்பர் ராவெல்லி தடுத்தார், ஸ்வீடன் அரையிறுதிக்குப் போனது, கடைசியில் மூன்றாம் இடமும் பிடித்தது. அந்த நெருக்கடியில் கால் நடுங்காதவனுக்குக் கிளப்பில் நிலையான இடம் இல்லை. உன் மகன் இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம்தான் ஸ்காட்லாந்து. ஃபெய்னூர்டில் இருந்தவரான விம் யான்சன் 1997-இல் கிளாஸ்கோ நகரத்துக் கிளப்பான செல்டிக்கின் கோச்சானார். லார்சனுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் ஒரு தொகை வந்தால் விட்டுவிட வேண்டும் என்று விதி இருந்தது. ஃபெய்னூர்டு விட மனமில்லாமல் இழுத்தடித்து, விவகாரம் பெரிதாகித்தான் முடிந்தது. விலை 6,50,000 பவுண்டு. அன்றைய சந்தையிலும் அது சல்லிசு. முதல் ஆட்டத்தில் மாற்று ஆளாக இறங்கி, எதிர் டீம்காரன் காலுக்கே பந்தைக் கொடுத்து, அவன் அதை கோலாக்கி, செல்டிக் தோற்றது. அப்படித் தொடங்கியவர் அந்த சீசனின் கடைசி நாளில், ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கோல் அடித்து, அதே ஊரின் பரம எதிரியான ரேஞ்சர்ஸ் வரிசையாகப் பத்தாவது முறை லீக் பட்டம் வாங்குவதைத் தடுத்தார். கிளாஸ்கோவில் அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏழு வருஷம் அங்கே இருந்தார். 315 ஆட்டம், 242 கோல், நாலு லீக் பட்டம். நடுவில் 1999 அக்டோபரில் பிரான்சின் லியோனில் நடந்த யுஇஎஃப்ஏ கோப்பை (ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைக் கோப்பை) ஆட்டத்தில் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அந்தப் படத்தை இன்றும் என்னால் முழுசாகப் பார்க்க முடியாது. பல பேரின் ஆட்டம் அத்தோடு முடிந்திருக்கும். இவர் அந்த சீசன் முடிவதற்குள் களத்துக்கு வந்து, அடுத்த மாதமே யூரோ 2000-இல் இத்தாலிக்கு எதிராக கோலும் அடித்தார். உன் முட்டி சரியாகிற வரைக்கும் இதைத் தினமும் ஒரு தடவை நினைத்துக்கொள்.

சரி, உன் "அதெல்லாம் ஒரு கணக்கா" என்பதற்கு வருகிறேன். 2000-01 சீசனில் லீக்கில் மட்டும் 35 கோல். லீக் கோல் கணக்கில் முதலில் நிற்பவருக்குக் கொடுக்கும் ஐரோப்பாவின் தங்க ஷூ விருதுக்கு எல்லா லீக் கோலையும் ஒரே மாதிரி எண்ண மாட்டார்கள். இத்தாலி, ஸ்பெயின், இங்கிலாந்து மாதிரி பெரிய லீக்குகளில் ஒரு கோலுக்கு 2 புள்ளி. ஸ்காட்லாந்தில் அப்போது ஒன்றரைதான். நீ சொல்கிற தள்ளுபடியை அவர்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள், மாப்ளே! அப்படிக் கழித்த பிறகும் லார்சனுக்கு 52.5 புள்ளி. இத்தாலியில் லாட்சியோவுக்காக 26 கோல் அடித்த கிரெஸ்போவுக்கு 52. அந்த வருஷத் தங்க ஷூ கிளாஸ்கோவுக்குப் போனது.

இன்னும் சந்தேகம் இருந்தால் 2003 மே மாதம் செவில்லேயில் நடந்த யுஇஎஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தைப் போட்டுப் பார். எதிரே மொரீன்யோ கோச்சாக இருந்த போர்ச்சுகல் கிளப் போர்ட்டோ, ஒரு வருஷம் கழித்து ஐரோப்பிய கிளப்புகளின் உச்சக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கையே வென்ற டீம். செல்டிக் இரண்டு தடவை பின்தங்கியது, இரண்டு தடவையும் லார்சன் தலையால் முட்டி சமன் செய்தார். ஆறடிகூட இல்லாத மனிதர். டிஃபெண்டர்கள் பந்து எங்கே இறங்கும் என்று நின்று பார்த்துக்கொண்டிருக்கையில் இவர் குதித்து முடித்திருப்பார். உடம்பை வளைத்து, கழுத்தைத் திருப்பி, பந்தைக் கோல்கீப்பர் வந்த திசைக்கே எதிராக அனுப்பிய விதத்தை நான் எத்தனையோ முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். கூடுதல் நேரத்தில் 3-2 என்று செல்டிக் தோற்றது. தோற்ற டீமின் ஆளைப் பற்றி ஊரெல்லாம் பேசிய இறுதியாட்டங்களில் அதுவும் ஒன்று.

2004-இல் ஒப்பந்தம் முடிந்தது. அதுவரை எத்தனையோ பெரிய கிளப்புகளோடு பெயர் அடிபட்டும் நகரவில்லை. கடைசி உள்ளூர் லீக் ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்து, கண் கலங்கி நின்றார். பிறகு பார்சிலோனா. வயது முப்பத்து மூன்றை நெருங்கிவிட்டது. விதியைப் பார், போன சில வாரங்களிலேயே சாம்பியன்ஸ் லீக்கில் பார்சிலோனா கிளாஸ்கோவுக்கு ஆட வந்தது. லார்சன் ஒரு கோல் அடித்தார், கையைத் தூக்கவில்லை, சிரிக்கவில்லை, தலை குனிந்து திரும்பி நடந்தார். அந்த நவம்பரிலேயே ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஆட்டத்தில் முட்டி ஜவ்வு கிழிந்தது. உனக்கு வந்த அதே கேடுதான். பல மாதம் வெளியே.

அங்கே அவர் முதல் பெயர் இல்லை. ரொனால்டினியோ, எட்டோ, கூடவே மெஸ்ஸி என்ற பொடியன். கிளாஸ்கோவில் ராஜாவாக இருந்தவர் இங்கே பெஞ்சில். ஆனால் ஃபெய்னூர்டு பெஞ்சுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இங்கே தன்னை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும், கோச் ரைக்கார்டுக்கும் தெரியும்.

2006 மே 17, பாரிஸ் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். ஆர்சனல் கோல்கீப்பர் லேமன் ஆரம்பத்திலேயே ரெட் கார்டு வாங்கி வெளியே போய்விட்டார். ஆனாலும் பத்துப் பேரோடு ஆர்சனல் 1-0 முன்னிலை. மழை வேறு. 61-ஆவது நிமிடம் லார்சன் இறங்கினார். 76-இல் இனியெஸ்டா அனுப்பிய பந்து பாக்ஸ் விளிம்பில் அவரிடம் வருகிறது. அவர் அதை நிறுத்தவே இல்லை. பூட்ஸின் ஓரத்தால் ஒரு தொடல், அவ்வளவுதான். பந்தின் வேகம் குறையாமல் திசை மட்டும் மாறி, ஓடி வந்த எட்டோவின் காலடியில். கோல். நாலைந்து நிமிடம் கழித்து வலப்பக்கம் பெலெட்டி அவரிடம் பந்தைக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார். லார்சன் டிஃபெண்டரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, சரியான நொடிக்குக் காத்திருந்து, அதே பெலெட்டியின் ஓட்டத்துக்கு முன்னால் தள்ளிவிட்டார். கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே புகுந்து 2-1. தோற்ற ஆர்சனலின் தியரி ஹென்றியே ஆட்டம் முடிந்ததும், எல்லோரும் ரொனால்டினியோவையும் எட்டோவையும் பேசுகிறீர்கள், ஆட்டத்தை மாற்றியது லார்சன் என்று சொன்னார். அரை மணி நேரம், ஒரு கோல்கூட அடிக்காமல். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த அரை மணி அதுதான். கிரவுண்டில் பையன்களுக்கு இந்த இரண்டு கோலையும் போனில் போட்டுக் காட்டுகிறேன். எட்டோவைப் பார்க்காதே, பந்து வருவதற்கு முன்னால் லார்சன் எங்கே பார்க்கிறார் என்று பார் என்பேன்.

பார்சிலோனா இன்னும் இருக்கச் சொல்லியும் ஊருக்குத் திரும்பி ஹெல்சிங்போர்க்கில் சேர்ந்தார். ஸ்வீடனில் குளிர்காலத்தில் லீக் கிடையாது. அந்த இடைவெளியில் 2007 ஜனவரியிலிருந்து மார்ச் பாதிவரை இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைட்டெடுக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, ஆடப் போனார். பதிமூன்று ஆட்டம், மூன்று கோல். எண்ணைப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் கோச் பெர்குசன் இன்னும் இருக்கும்படி கேட்டார், லீக் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குடும்பத்துக்கும் கிளப்புக்கும் சொன்ன வார்த்தை என்று மறுத்துவிட்டுப் போனார். யுனைட்டெட் பட்டம் வென்றது. பதக்கத்துக்கு அன்றைய விதிப்படி பத்து லீக் ஆட்டம் வேண்டியிருந்தது, இவர் ஆடியது ஏழு. சிறப்பு அனுமதி வாங்கிப் பதக்கம் கொடுத்தார்கள். ஆடத் தொடங்கிய ஊரிலேயே 2009-இல் ஆட்டத்தை முடித்தார்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று நினைத்துவிடாதே. பிறகு அதே ஹெல்சிங்போர்க்குக்குக் கோச் ஆனார், மகன் ஜோர்டானும் அதே டீமில். 2016-இல் கடைசி ஆட்டத்தில் மகன் கோல் அடித்தும் டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. முகமூடி போட்ட சிலர் மைதானத்துக்குள் புகுந்து அந்தப் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். அவரைக் கொண்டாடிய அதே ஊரில். ஒரு தகப்பனாக அந்தக் காட்சி உன்னை எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வேர் பிடிக்கவில்லையே என்று நீ கவலைப்படும்போது எனக்கு உடன்பட முடியவில்லை. பிறந்த ஊரே சட்டையைக் கிழிக்கவும் செய்யும், கடல் தாண்டிப் போன கிளாஸ்கோ இன்றும் அவருக்கு எழுந்து நிற்கவும் செய்யும்.

உன் மகனைத் தடுக்காதே. புது டீமின் பெயரையும் லீக்கையும் விட்டுவிட்டு, அவனை ஒன்றே ஒன்று கேட்கச் சொல். அந்தக் கோச் அவனை எந்த இடத்தில் ஆட வைக்கப் போகிறார், ஏன்? நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டும், போனில் வேண்டாம். "பார்க்கலாம் தம்பி, தேவைப்படும்போது இறக்குவோம்" என்றால் பழைய டீமிலேயே இருக்கட்டும். அவன் ஆட்டத்தைப் பார்த்தவர் மாதிரி, உன் இடது கால் இப்படி, அதனால் உன்னை இங்கே நிறுத்துவேன் என்று சொன்னால், சின்ன லீக்தானே என்று யோசிக்காமல் பெட்டியைக் கட்டட்டும்.

அவன் போய்ப் பேசிவிட்டு வந்ததும் என்ன சொன்னார்கள் என்று எழுது. முடிந்தால் அவனையே ஒரு வாரம் இங்கே அனுப்பு. பையன்களோடு ஆடட்டும், அம்மாவும் அவனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன்
மச்சான்