"வெறும் மணல்தானே" என்று கேட்ட மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. பங்குனி உத்திரத்தன்று நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. படையல் முடிந்து, சாப்பிட்ட இலையை எடுப்பதற்குள் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாய். உன் பையன் ஷூவைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். நீ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இங்க என்ன மாமா இருக்கு, வெறும் மணல்தானே?" என்றாய். கேலியாகக் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார்.

அன்றிலிருந்து பதிலை மனசுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். "போன்ல சொல்லிர வேண்டியதானலே" என்கிறாள் உன் அம்மா. போனில் சொல்லி முடிகிற காரியமா இது? 32 வருஷம் ஊர் ஊராக அடுத்தவர் கடிதத்தைச் சுமந்தவன் நான். என் கையால் எழுதிய கடிதம் பத்து தேறாது. வருஷத்துக்கு ஒருநாள் குலதெய்வத்துக்கு வந்து, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிற பிள்ளைகள் உன்னைப் போல எத்தனையோ பேர். அதனால் எல்லாரும் படிக்கிற இடத்திலேயே போடுகிறேன். கோபிக்காதே.

நீ சொன்ன மணலிலிருந்தே தொடங்குகிறேன்.

திருச்செந்தூர்க் கடற்கரை மணலைப் பார்த்திருக்கிறாய். அங்கிருந்து மேற்கே வந்து, காயாமொழி தாண்டி நம்ம தேரிக்குடியிருப்புக்குள் நுழைவதற்குள் மண்ணின் நிறமே மாறிவிடும். மிளகாய் வத்தலை இடித்துக் கொட்டியது மாதிரி செக்கச்செவேல் என்று இருக்கும். இந்தச் செம்மணல் மேடுகளைத்தான் தேரி என்கிறோம். ஒவ்வொரு மணல் பொடியின் மேலும் இரும்புத் துரு மெல்லிசாகப் பூசியிருக்கிறது, அதுதான் நிறத்துக்குக் காரணம். வெள்ளை வேட்டியில் பட்டால் உன் அத்தை என்ன சொல்வாள் என்று எனக்குத்தான் தெரியும். சின்னப் பிள்ளைகள் காந்தத்தை நூலில் கட்டித் தேரியில் இழுத்துக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது அது கம்பளிப்பூச்சி மாதிரி கருப்பு மயிர் முளைத்து நிற்கும். நானும் செய்திருக்கிறேன், உன் அம்மாவும் செய்திருக்கிறாள்.

ஒரு மணல் பொடி கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று கணக்குப் போட ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு முறை இருக்கிறதாம். அப்படிப் பார்த்ததில், இந்த மேடுகள் சுமார் 11,000 வருஷத்துக்கு முன்பிருந்து 5,000 சொச்சம் வருஷத்துக்கு முன்பு வரை குவிந்தவை என்று தெரிந்தது. மேற்கேயிருந்து காற்று கொண்டு வந்ததா, கடல் விட்டுவிட்டுப் போனதா என்று அவர்களுக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது. மனுஷனும் அப்போதே இங்கே இருந்திருக்கிறான். சாய்னர் என்பவரும் பிரிட்ஜெட் ஆல்சின் என்ற அம்மாவும் நம்ம பக்கத்துத் தேரிகளில் கிடைத்த சின்னஞ்சிறு கல் ஆயுதங்களைப் பற்றி 1956-ல் எழுதியிருக்கிறார்கள். விரல்நகம் அளவு கல்லைச் செதுக்கி அம்புமுனையில் சொருகுகிற ரகம். தொல்லியல் படிக்கிறவர்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் இதைத் "தேரி" என்ற நம்ம சொல்லாலேயே சொல்கிறார்கள். அந்த மாதிரிச் சில்லு ஒன்று என் பழைய ஸ்டாம்பு டப்பாவில் கிடக்கிறது. ஆயுதம்தான் என்று நான் நம்புகிறேன். "ரோட்டுச் சரளை" என்கிறாள் உன் அத்தை.

ஆனி, ஆடியில் நீ வந்ததே இல்லை. அப்போதுதான் தேரி உயிரோடு இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, கணவாய் வழியாக வெறுங்கையோடு வருகிற மேல்காற்று, மணலைக் கிளப்பிவிடும். நேற்றுப் பார்த்த பாதை இன்றைக்கு இருக்காது. தபால் பையோடு தேரிக்குள் சைக்கிளை உருட்டத்தான் முடியும், மிதிக்க முடியாது. ஒரு ஆடியில், குறுக்கே போனால் அரைமணி மிச்சம் என்று நினைத்து உள்ளே இறங்கினேன். என் கால்தடம் என் கண் முன்னாலேயே மூடிக்கொண்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சிவப்பு, ஒரே உடைமரம். கடைசியில் மூன்று பனை ஒட்டி நிற்கிற இடத்தை அடையாளம் வைத்து வெளியே வந்தபோது மணி நாலு. பையில் இருந்ததோ சென்னையிலிருந்து வந்த இரண்டு மணியார்டர். வாங்கிக்கொண்ட அம்மா "இவ்வளவு நேரமா?" என்றாளே தவிர ஒரு வாய்த் தண்ணீர் தரவில்லை.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. மணல் என்றால் வறட்சி என்றுதான் நீ நினைத்திருப்பாய். நம்ம தேரிக்கு வேறு குணம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை இங்கே ஓடாது, அப்படியே உள்ளே இறங்கிவிடும். எவ்வளவு மழை பெய்தாலும் தேரிக்குள் ஓடை கிடையாது. குடித்த தண்ணீரை அது உள்ளேயே வைத்திருந்து அடிவாரத்தில் மெல்ல மெல்லக் கசிய விடும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் இருக்கிறார் பார், அவர் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. சிவப்பு மணல்மேட்டின் காலடியில் ஒரு சுனை, அதற்குக் காவலாக ஒரு சாமி. தண்ணீர் எங்கே கசிந்ததோ அங்கேதான் நம்ம ஆட்கள் சாமியை உட்கார வைத்தார்கள் என்பது என் கணிப்பு. பூசாரி கதை வேறு மாதிரி சொல்வார். அதையும் கேட்டுக்கொள்.

2023 மார்கழி முதல் தேதி ஞாபகம் இருக்கிறதா? நீ விடிய விடிய போன் அடித்தாய், லைன் கிடைக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்துக்கு நடுவே நின்றுவிட்டது. குளங்கள் உடைந்தன, ஊர்கள் மிதந்தன. மழை விட்ட பிறகு நான் தேரிமேல் ஏறிப் பார்த்தேன். கால் புதையவில்லை, மணல் இறுகி தரை போலக் கிடந்தது, அவ்வளவுதான். அடுத்த சில மாதங்களுக்குத் தேரியோரக் கிணறுகளில் குனிந்து வாளியால் கோருகிற உயரத்தில் தண்ணீர் நின்றது. 2009-ல் தொடங்கிய தாமிரபரணி வெள்ளநீர்க் கால்வாயை வெள்ளாங்குளியிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் வெட்டிக் கொண்டுவந்து, சாத்தான்குளத்துப் பக்கம் எம்.எல். தேரியில் முடித்திருக்கிறார்கள். எங்கே கொண்டு போய் விட்டால் தண்ணீர் வீணாகாது என்று படித்த இன்ஜினியர்களும் யோசித்து, கடைசியில் தேரிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

அந்தத் தண்ணீரை மேலே எடுத்துத் தருகிறது பனை.

உன் தாத்தா பனையேறி என்பது உனக்குத் தெரியும். ஆனால் அவர் சட்டையில்லாமல் நின்று நீ பார்த்திருக்க மாட்டாய். நெஞ்சிலும் முன்கையிலும் ஆமை ஓடு மாதிரி காய்த்திருக்கும். மரத்தில் பிடிப்புக்குக் காலில் தளைநார், இடுப்பில் அருவாள் வைக்கிற அருவாப்பெட்டி. விடிவதற்கு முன்னால் முதல் மரம். முப்பது முப்பத்தைந்து மரம், காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். பாளையின் நுனியைச் சீவுவது, கத்தி பட்டதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லிசாக இருக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் பாளை செத்தது. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதனி, தடவாவிட்டால் கள். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம். அதற்காக ஜெயிலுக்குப் போனவர்களும் ஊரில் உண்டு.

இறக்கிய பதனி விடிலிக்கு வரும். விடிலி என்றால் ஓலை வேய்ந்த குடிசை, உள்ளே அடுப்பு. உன் ஆச்சி அங்கேதான் வேகுவாள். வெளியே பங்குனி வெயில், உள்ளே பனைமட்டைத் தீ. வாய் அகன்ற சட்டியில் பதனி கொதித்து நுரை பொங்கி வரும்போது, இடித்த ஆமணக்கு முத்தை ஒரு சிட்டிகை போடுவாள். திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி நுரை அப்படியே அடங்கும். துடுப்பிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டால் பதம். ஒரு நிமிஷம் தப்பினால் கருகல், ஒரு நிமிஷம் முந்தினால் கூழ். பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே தேறும். அந்தப் பாகை ஊற்ற சிரட்டைகள் வேண்டும், சிரட்டை உருண்டை, தரையில் நிற்காது. அதனால் விடிலிக்குள் மணலைப் பரப்பி, சிரட்டைகளை வரிசையாக அதில் அமுக்கி வைத்திருப்பாள். உன் கடைக்கு வருகிற உடன்குடிக் கருப்பட்டி அரைக்கோளமாக இருப்பது ஏன் என்று யோசித்திருக்கிறாயா? அது சிரட்டையின் வடிவம். சிரட்டையைச் சாயாமல் பிடித்திருந்தது நீ சொன்ன வெறும் மணல்.

கடை என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். போன தை மாசம் சென்னைக்கு வந்தபோது உன் கடையில் ஒரு கருப்பட்டியை உடைத்துப் பார்த்தேன், நீ கவனிக்கவில்லை. உள்ளே பளபளவென்று மின்னியது. நல்ல கருப்பட்டி உள்ளே மங்கலாக, கருஞ்சிவப்பாக இருக்கும். மின்னினால் அது சீனி. யாரிடம் வாங்கினாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் ஏமாந்திருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், நூறு வருஷத்துக்கு முன்னால் காரியம் தலைகீழாக நடந்தது. குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனி ஆலை வைத்து, நம்ம கருப்பட்டியை வாங்கிச் சுத்தப்படுத்திச் சீனியாக்கியது. அதற்காகவே திருச்செந்தூர், குலசை, உடன்குடி, திசையன்விளை என்று சின்ன ரயில் ஒன்று ஓடியது. 1940-ல் நின்றுபோயிற்று. அன்றைக்குக் கருப்பட்டியிலிருந்து சீனி எடுத்தார்கள், இன்றைக்குச் சீனியைப் போட்டுக் கருப்பட்டி எடுக்கிறார்கள். புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறோம். மரம் ஏறத்தான் ஆள் இல்லை. நம்ம தெருவில் கடைசியாக ஏறியவருக்கு 68 வயது. அவர் பிள்ளைகள் ஆவடியில் கடை வைத்திருக்கிறார்கள். செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் பனை போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் உத்தரவு போட்டார்கள். கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சுற்றுவட்டாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே நாளில் பஸ்ஸில் போய் வரலாம். தினத்தந்தியை ஆரம்பித்த ஆதித்தனார் 1905-ல் பிறந்தது காயாமொழியில். மணப்பாட்டில் கடலை முட்டி நிற்கிற மேட்டில், 1542-ல் சவேரியார் வந்து தங்கிய குகை இருக்கிறது, உள்ளே ஒரு கிணறும் உண்டு. இடையன்குடிக்கு 1841-ல் கால்நடையாக வந்த கால்டுவெல் ஐயர், நம்ம மொழிகளையெல்லாம் ஒரு குடும்பம் என்று எழுதியது அந்த மணல் காட்டில் உட்கார்ந்துதான். குலசையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, தசராவுக்கு நீயே காளி வேஷம் போட்டிருக்கிறாய். பக்கத்திலேயே 2,000 ஏக்கருக்கு மேல் எடுத்து ராக்கெட் தளம் கட்டுகிறார்கள். 2024 பிப்ரவரியில் அடிக்கல் வைத்தார்கள். இங்கிருந்து விட்டால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேரே தெற்கே போகலாமாம். பாதை சுருங்கினால் எரிபொருள் மிச்சம். தபால்காரனுக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்தது.

மற்ற நாளில் வந்தாலும் வராவிட்டாலும், கார்த்திகைக் கடைசியில் ஒருமுறை வா. நம்ம கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர் வெட்டு, சாமி கள்ளனை வெட்டுகிற திருவிழா. பங்குனி உத்திரம் மாதிரி படைத்துவிட்டுப் போகிற நாளல்ல அது. கோயிலுக்குப் பின்னால் தேரிமேல் கால் வைக்க இடமில்லாமல் சனம் நிற்கும். கள்ளனுக்குப் பதிலாக ஓர் இளநீர். அது வெட்டுப்பட்டு மணலில் சிந்துகிற வரைக்கும்தான் அமைதி. பிறகு அத்தனை பேரும் குனிந்து மண்ணை அள்ளுவார்கள். மடியில், துண்டில், டிபன் பாக்ஸில், பாலித்தீன் பையில். பாத்திரம் கொண்டு வராதவர்கள் சட்டைப் பையில். வீட்டில் வைப்பார்கள், வயலில் தூவுவார்கள், கல்லாவில் முடிந்து வைப்பார்கள். நான் ஒருமுறை திருவிழா முடிந்த மறுநாள் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் இடுப்பளவு பள்ளம். இரண்டு நாள் காற்றில் அதுவும் மூடிக்கொண்டது.

வருகிற மாதிரி இருந்தால் முந்தின நாளே வந்துவிடு. தூத்துக்குடி சுற்றாமல் திருச்செந்தூருக்கு நேர் ரயிலில் வா. ஷூ வேண்டாம், பையனுக்கும் வேண்டாம், மதியம் மட்டும் மணலில் இறங்காதே. ராத்திரி மொட்டைமாடியில் படுக்கலாம். போர்வை எடுத்து வா, மார்கழிப் பனி பொல்லாதது. அப்புறம், உங்கள் வீட்டுப் பூசை அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பின்னால் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும், அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சிவப்பாக. கல்யாணமாகிப் போன வருஷம் உன் அம்மா கொண்டு போனது. இத்தனை வருஷத்தில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்று போன வாரம் சொன்னாள். அதைக் கழுவி, காயவைத்து, மறக்காமல் எடுத்து வா.

இப்படிக்கு,
மாமா
தேரிக்குடியிருப்பு