மீட்டர் பார்க்க இங்கே யாரும் வருவதில்லை

ஷெஃபீல்டு, இங்கிலாந்து,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் இங்கே இருக்கிற ஸ்மார்ட் மீட்டர் பற்றிய விசாரணைதான். வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்தவர் ஆயிற்றே நீங்கள். எழுதத் தனக்கு இடமே விடவில்லை என்று அம்மா கோபித்துக்கொண்டதாகத் தம்பி சொன்னான். அவளுக்கும் சேர்த்தே இந்தப் பதில், வாசித்துக் காட்டுங்கள். ஆச்சிக்குக் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடுகிறாளா செல்வி அத்தை?

நான் நன்றாக இருக்கிறேன். குளிர் தொடங்கிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடுகிறது. நைட் ட்யூட்டியை நானாகவே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரி வார்டு ராத்திரி முழுக்கக் கதகதப்பாக இருக்கும், பேசவும் ஆள் இருக்கும். உடம்பைக் கெடுத்துக்கொள்கிறேன் என்று அம்மா நினைக்க வேண்டாம். என்னோடு இந்த வீட்டில் இருந்த ஜின்சி, அவள் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்த ஊருக்கே, மான்செஸ்டருக்குப் போய்விட்டாள். வேறு ஆள் வரும்வரை வீடு முழுக்க எனக்குத்தான். அவள் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை மூடிவைத்துவிட்டேன், அந்தச் சூடாவது மிச்சம்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ரீடிங் எடுக்க ஆள் வரமாட்டாரா என்று கேட்டிருந்தீர்கள். வரமாட்டார். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலமாரிக்குள் மின்சாரத்துக்கு ஒரு மீட்டர், குழாயில் வருகிற கேஸுக்கு ஒரு மீட்டர். இரண்டும் அரை மணிக்கு ஒரு முறை எவ்வளவு ஓடியது என்று பதிந்து வைத்துக்கொண்டு, ரேடியோ அலை வழியாகத் தாமே அனுப்பிவிடும். நம் ஊரைப் போல ரீடிங் எழுதுகிற வெள்ளை அட்டை கிடையாது. கேஸ் மீட்டர் கன மீட்டரில் ஓடும், பில்லில் அதையும் யூனிட்டாக மாற்றித்தான் போடுவார்கள். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 11 யூனிட். கணக்கை நானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள்.

மீட்டரோடு கைக்கடக்கமான ஒரு திரையும் கொடுக்கிறார்கள். அதைச் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். இந்த நிமிஷம் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது, இன்றைக்கு இதுவரை எவ்வளவு காசு என்று காட்டும். குறைவாக ஓடினால் பச்சை, நிறைய ஓடினால் சிவப்பு. தண்ணீர் சுட வைக்கிற கெட்டில் 3 கிலோவாட், போட்ட உடனே சிவப்பு. குளியலறையில் தண்ணீரை அப்போதைக்கப்போது சூடாக்கித் தரும் ஷவர் 9 கிலோவாட். பத்து நிமிஷம் நின்றால் ஒன்றரை யூனிட் போய்விடும். நம் வீட்டில் ஃபேனும் டியூப் லைட்டும் டி.வி.யும் சேர்ந்து ஒரு சாயங்காலம் முழுக்க எடுப்பதை இது பத்து நிமிஷத்தில் எடுத்துவிடுகிறது. அதனால் வாளியும் குவளையும் வாங்கிவிட்டேன்.

இந்தத் திரையை வைத்து உருப்படியாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ராத்திரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடும்போது எத்தனை வாட் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். மின்சாரக் கணக்கு சுமார் பத்து நொடிக்கு ஒரு முறை மாறும், அதனால் அதிகமாகக் காட்டினால் மிச்சமுள்ள சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம், கரண்டைத் தின்கிற திருடன் யார் என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அது மாடியில் இருக்கிற வெந்நீர்த் தொட்டி. கேஸ் பாய்லரே தண்ணீரைச் சுட வைக்கிறது. அது போதாதென்று முன்னால் குடியிருந்தவர்கள் தொட்டிக்குள் இருக்கும் 3 கிலோவாட் ஹீட்டரையும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் ஆற ஆற அது தானாக ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இங்கே மின்சாரம் யூனிட்டுக்குக் கேஸைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு விலை. அந்த ஒரு சுவிட்சை அணைத்ததே போதும், பல்பு மாற்றி மிச்சம் பிடிப்பதைவிடப் பெரியது.

அம்மாவிடம் சொல்லுங்கள், தொட்டி இருக்கிற அந்த அலமாரியில்தான் மாவு புளிக்க வைக்கிறேன். மற்ற இடத்தில் வைத்தால் இரண்டு நாளானாலும் அப்படியே கிடக்கும். அங்கே வைத்தால் காலையில் பொங்கி நிற்கிறது. இட்லி நம் வீட்டுப் பதத்துக்கு வரவில்லை, ஆனால் தோசை நன்றாகவே வருகிறது. மிளகாய்ப்பொடி இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

திரை ஏமாற்றுகிற இடமும் உண்டு அப்பா. கேஸ் மீட்டர் பேட்டரியில் ஓடுவது, அதனால் அரை மணிக்கு ஒரு முறைதான் பேசும். ஹீட்டிங் போட்டால் திரை உடனே சிவக்காது, பச்சையாகவே இருக்கும். இந்த நாட்டில் வீட்டுச் செலவில் பெரும் பங்கு வீட்டைச் சூடாக்கத்தான் போகிறது. வந்த புதிதில் இங்கே எல்லோரும் லைட்டை அணைத்து அணைத்து அலைவார்கள், சூடு பாட்டுக்குக் கதவிடுக்கில் வெளியே போய்க்கொண்டிருக்கும். வாசல் கதவின் அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அம்மா கொடுத்துவிட்ட பழைய சுங்குடிப் புடவையைச் சுருட்டி அங்கே வைத்தேன். வைத்துவிட்டு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது அதை எடுத்து மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். கதவடிக்கு வேறு துணி போட்டாயிற்று.

பணம் தீர்ந்தால் கரண்ட் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். தி.நகரில் வைத்தது போல நம் பக்கமும் ஸ்மார்ட் மீட்டர் வரும், அதில் முன்பணம் கட்டும் முறையும் வரும் என்று பேப்பரில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். நாடு முழுக்க 25 கோடி மீட்டர் என்பது 2021-ல் அறிவித்த திட்டம்தானே. அங்கே என்ன விதி போடுவார்கள் என்பது அது வரும்போதுதான் தெரியும். இங்கே இருக்கிறதைச் சொல்கிறேன். இந்த வீட்டு மீட்டரே முன்பண முறைதான். ஃபோனிலேயே பத்து பவுண்டோ இருபதோ போட்டுக்கொள்ளலாம். தீர்ந்துவிட்டால் கொஞ்சம் அவசரக் கடன் தரும். அதுவும் தீர்ந்தால்கூட ராத்திரியிலும் சனி ஞாயிறிலும் நிறுத்தமாட்டார்கள், அடுத்த வேலை நாள் காலையில்தான் நிற்கும். அடுத்து பணம் போடும்போது வாங்கிய கடனை முதலில் கழித்துக்கொள்வார்கள். நீங்கள் ஃபிக்ஸட் சார்ஜ் என்பீர்களே, அது இங்கே தினக்கணக்கு. ஒரு யூனிட்டும் ஓட்டாவிட்டாலும் ஏறிக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்துப் பணம் போட்டால் ஒரு வாரம் சமாளிக்கலாம். எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பில் கட்டுபவரை முன்பண முறைக்கு மாற்ற, இந்த மீட்டரில் ஆள் வீட்டுக்குள் வரவே வேண்டியதில்லை, தூரத்திலிருந்தே மாற்றிவிடலாம். பாக்கி வைத்தவர்கள் வீடுகளில் கட்டாயமாக முன்பண மீட்டர் பொருத்தியது பெரிய பிரச்சினையாகி, 2023 பிப்ரவரியில் ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் அதை நிறுத்தி வைக்கச் சொன்னது. பிறகு கடுமையான நிபந்தனைகளோடுதான் திரும்ப விட்டார்கள். நம் ஊரில் வந்தால் யூனியனில் உள்ளவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: முதியவர் வீட்டில், கைக்குழந்தை இருக்கிற வீட்டில், ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிற வீட்டில் பணம் தீர்ந்தால் என்ன ஆகும்? சித்தப்பாவிடம் சொல்லுங்கள், அவர் கூட்டத்தில் பேசுவார்.

பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மாவைப் பற்றி அம்மா விசாரித்திருந்தாளே. நன்றாக இருக்கிறார். அவர் ஸ்மார்ட் மீட்டர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டவர். மாத முதல் தேதியில் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, டார்ச் லைட்டோடு மீட்டர் அலமாரி முன்னால் குனிந்து எண்ணை வாசித்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, ஃபோன் போட்டுச் சொல்வார். அந்த நோட்டை எனக்குக் காட்டினார். கோடு போட்டு, தேதி, எண், வித்தியாசம் எல்லாம் உங்கள் கையெழுத்தைப் போலவே அவ்வளவு சுத்தம். வீட்டுக்காரர் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். 1974 தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தின்போது தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் வாரத்தில் மூன்று நாள்தான் கரண்ட், டி.வி. ராத்திரி பத்தரைக்கே நின்றுவிடும் என்று மார்கரெட் அம்மா சொன்னார். 2012-ல் நான் ப்ளஸ் டூ பரீட்சைக்கு எமர்ஜென்சி லைட்டில் படித்ததையும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியதையும் நான் சொன்னேன். நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் வந்த முதல் குளிர்காலத்தில், 2023 ஜனவரி 23 அன்று, சாயங்காலம் 5 முதல் 6 மணி வரை கரண்டைக் குறைத்துக்கொள்கிறவர்களுக்குப் பணம் என்று அறிவித்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கரண்ட் எடுக்கிற பீக் லோடு பற்றி நீங்கள் எவ்வளவு சொல்லியிருக்கிறீர்கள், அதேதான். அரை மணிக் கணக்கு தெரிந்தால்தான் யார் எவ்வளவு குறைத்தார்கள் என்று பார்க்க முடியும், அதனால் ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்களுக்கு மட்டும். ஜின்சியும் நானும் ஐந்து மணிக்கு முன்பே சமைத்து முடித்துவிட்டு மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டோம். மார்கரெட் அம்மாவும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் மீட்டருக்கு அது தெரியாது, பைசாவும் வராது. நாட்டுக்குத் தேவை என்றால் செய்ய வேண்டியதுதானே என்றார்.

அப்பா, கீழத் தெரு டீச்சரம்மா வீட்டுக்கு ரீடிங் எடுக்கப் போனபோது நானும் சைக்கிளில் உங்களோடு இருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? முந்தின தடவை எழுதிய எண்ணே மீட்டரில் அப்படியே நின்றது. நீங்கள் அட்டையில் எழுதிவிட்டு நகராமல் கதவைத் தட்டினீர்கள். ஃபியூஸ் போய், காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல், சொல்ல ஆளில்லாமல் இருட்டில் கிடந்தார்கள். வயர்மேனைக் கூட்டிவந்தீர்கள், அம்மா கஞ்சி கொடுத்துவிட்டாள். இங்கே இருக்கிற மீட்டருக்கு அரை மணிக்கு அரை மணி எல்லாம் தெரியும். இந்த வீட்டில் எத்தனை பேர், எப்போது தூங்குகிறார்கள், எப்போது வேலைக்குப் போகிறார்கள் என்பதுகூடத் தெரிந்துவிடும். உறைகிற குளிரில் ஒரு வீட்டில் கேஸே ஓடவில்லை என்றாலும் அது எண்ணாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். முதியவர்களுக்கென்று தனிப் பதிவேடு வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. மார்கரெட் அம்மாவின் பெயரை அதில் நான்தான் சேர்க்கச் சொன்னேன். ட்யூட்டி முடிந்து வரும்போது அவர் வீட்டுப் பாய்லரின் புகைபோக்கிக் குழாயில் ஆவி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். வரவில்லை என்றால் தட்டுவேன். நம் ஊரில் ரீடிங் எடுக்க ஆள் வராத நாள் வந்தால், அந்தத் தெருக்களுக்கு என்ன குறைந்துபோகும் என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதை எழுதி வைத்தாவது கொடுங்கள்.

வீட்டு விஷயம். அம்மா அறை ஃபேன் பழையது, 75 வாட். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். கரண்ட் குறைவாக எடுக்கிற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் என்றால் 18 யூனிட்தான். இலவச 100 யூனிட்டுக்குள் நிற்பதற்கு அது ஒன்றே பெரிய உதவி. ஆச்சிக்கும் சேர்த்து இரண்டாக வாங்குங்கள். பணம் அடுத்த மாதம் அனுப்புகிறேன். இந்த மாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்தம் இருக்கிறது, தம்பி செமஸ்டர் ஃபீஸுக்கு மட்டும் பதினைந்தாம் தேதிக்குள் வந்துவிடும். அபராதம் இல்லாமல் எத்தனை தேதி வரை கட்டலாம் என்று அவனைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

ஆச்சி வீட்டு மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. புது மீட்டர் வருவதற்கு முன்னால் பெயர் மாற்றம் செய்துவிடுங்கள். என்னென்ன காகிதம் வேண்டும் என்று உங்களுக்கே தெரியும், வாரிசுச் சான்றிதழ் முருகேசன் சித்தப்பாவிடம் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட யோசித்தால் சண்டை வேண்டாம், அத்தையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பதிவாகிற ஃபோன் நம்பர் தம்பியுடையதாக இருக்கட்டும். ஆச்சிக்குக் குறுஞ்செய்தி வாசிக்க வராது.

உங்கள் அன்பு மகள்,
கோமதி