கணக்குக்கு என்ன செலவு?

மதிப்பிற்குரிய நகரத்தார் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் கணக்கு நடத்தி ஓய்வுபெற்றவன் நான். வியாபாரத்தில் தர்மத்துக்கென்று மகமை எடுத்து வைத்துப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் கட்டிய கதையை உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கணக்கில் ஒரு பிரிவான கிராஃப் தியரியில் பிஎச்.டி., இரண்டாம் வருஷம். "சார், நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றாள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கியவர்களுக்கு 2023-இலிருந்து மாதாமாதம் 37,000 ரூபாய். கொஞ்ச மதிப்பெண்ணில் அதைத் தவறவிட்ட இவளுக்கு ஒன்றுமில்லை. காலையில் துறை, மதியத்துக்கு மேல் அடகுக்கடையில் கணக்கு எழுதும் வேலை. கழித்துப் போட்ட அடகுச் சீட்டு ஒன்றை நீட்டினாள். பின்பக்கம் பென்சிலில் ஒரு நிரூபணம், ஏழாவது வரியில் நின்றிருந்தது. "அப்ப நகை மீட்க ஆள் வந்துட்டாங்க சார். ராத்திரி உட்கார்ந்தா அடுத்த வரி வரல."

கணக்கு ஆராய்ச்சிக்கு ஆய்வகம் வேண்டாம். அறுபடாத நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குத்தான் பணம் கேட்கிறேன்.

அவள் விண்ணப்பித்த ஓர் அறக்கட்டளையில், "இன்ஜினீயரிங், மெடிக்கலுக்குத்தான் தர்றோம். கணக்குக்கு என்ன செலவு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. ராமானுஜன் பெயரில் 1950-இல் சென்னையில் கணித நிறுவனம் தொடங்கி, கணித அறிஞர் டி. விஜயராகவனை அதன் இயக்குநராக்கினாரே கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியார், அவர் இப்படிக் கேட்கவில்லை. அந்த ராமானுஜனுக்கும் 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்த பிறகுதான் துறைமுக அலுவலகக் கணக்கை விட்டுத் தன் கணக்கைப் பார்க்க முடிந்தது.

கல்யாண மண்டபத்துக்கு ஏசி போட ஒரே கூட்டத்தில் முடிவெடுக்கிறோம். படிக்கிற பிள்ளைக்கு என்றால் ஆண்டுவிழாவில் ஒரு காசோலை, ஒரு சால்வை. அடுத்த மாத வாடகைக்கு அவள் யாரிடம் போவாள்? இப்படியே போனால் நாளைக்கு நம் கல்லூரிகளில் கணக்கு நடத்த யார் இருப்பார்கள்? கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது ஒன்றுதான். இந்த வட்டாரத்தில் கணக்கில் ஆராய்ச்சி செய்யும், வேறு உதவித்தொகை இல்லாத பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு பேரையாவது தேர்ந்தெடுங்கள். ஆய்வேட்டைக் கொடுக்கும்வரை மாதாமாதம், முதல் தேதியில், உதவித்தொகை கொடுங்கள். ஒருமுறைப் பணம் வேண்டாம், மாதாமாதம் வேண்டும். தேர்வு செய்யும் வேலைக்கு நான் சம்பளமில்லாமல் வருகிறேன்.

இந்த மாதக் கடைசிவரை பொறுக்கும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் கூடிப் பேசி ஒரு பதில் சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
காரைக்குடி