போயா லீவில் போட் ஏறப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பௌர்ணமி லீவான போயாவோடு ஒரு சனி, ஞாயிறு சேர்ந்துகொண்டால் போதும், ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கமிருந்து நம் சனம் வேன் வேனாகக் கடற்கரைக்கு இறங்குகிறது. பெந்தோட்டை, களுத்துறை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு, திருகோணமலை என்று எங்கே போனாலும் போட்டில் ஒரு சுற்றுப் போகாமல் பிள்ளைகள் விடமாட்டார்கள். சரி, போகட்டும். ஆனால் ஒரு விஷயத்தை அவர்களுக்கு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில்தான் கடல் ஆகக் கூடுதலாக ஏறி இறங்கும். முழுநிலவுக்கு அடுத்த ஓரிரு நாளில் அது உச்சத்துக்கு வரும். அதாவது, நாட்டுக்கே லீவு கிடைக்கிற நாளும் முகத்துவாரங்களில் தண்ணீர் வெறி பிடித்து ஓடுகிற நாளும் ஒன்றுதான்.

நான் நோர்வூட்டில் எஞ்சின் திருத்துகிறவன். பிறந்தது இங்கே தோட்டத்து லயத்தில். இளவயதில் திருகோணமலைக்குப் போய் வள்ளம் வைத்திருந்த ஒரு சம்மாட்டியிடம் வேலைக்கு நின்று, முதலில் மீன்பிடி வள்ளமும் பிறகு சுற்றுலாப் போட்டும் ஓட்டினேன். இப்போது காசல்ரீ, மவுசாகலை, கிரகரி வாவி என்று நன்னீரில் ஓடும் எஞ்சின்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. சுற்றுலா போகும் குடும்பங்களுக்காக மட்டும் இதை எழுதவில்லை. வாவியில் கைப்பழக்கம் எடுத்துக்கொண்டு, சீசன் வேலைக்குக் கரையோரம் இறங்கும் நம் தோட்டத்துப் பையன்களையும் நினைத்துத்தான் எழுதுகிறேன்.

இலங்கையைச் சுற்றிக் கடல் ஏறி இறங்குவது பெரிய அளவில் இல்லை. கூடிய நாளிலும் ஏறக்குறைய இரண்டடிதான். வேறு நாடுகளில் இருபது, முப்பது அடி ஏறும் இடங்களெல்லாம் உண்டு. இதனாலேயே நம் ஆட்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் மட்டக்களப்பு வாவியையோ நீர்கொழும்புக் களப்பையோ பாருங்கள். அவ்வளவு பெரிய தண்ணீர்ப்பரப்பில் இரண்டடி வேண்டாம், அரையடி ஏறி இறங்குவதென்றாலும் அத்தனை தண்ணீரும் ஓர் ஒடுங்கிய வாய் வழியாகத்தான் போய்வர வேண்டும். உயரம் கொஞ்சம்தான், ஓட்டம் கொஞ்சமில்லை. ஆறு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே ஓடும், அதே அளவு நேரம் வெளியே ஓடும். கடல் ஏறுவதைப் பெருக்கு என்போம், இறங்குவதை வற்று என்போம். நாளைக்கு இதே நேரத்தில் இதே மாதிரி இருக்கும் என்றும் நினைக்கக்கூடாது. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும்.

இதற்குள் நம் மலையும் கை வைக்கிறது. காசல்ரீக்கு வரும் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகி மட்டக்குளி முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. மலையில் இரண்டு நாள் மழை கொட்டினால் கீழே வற்று நேரம் நீளும், பெருக்கு நேரம் குறுகும். கரையில் கடல் ஏறத் தொடங்கிய பிறகும் ஆற்றுத் தண்ணீர் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அட்டவணையில் 'பெருக்கு' என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஓட்டமும் உள்ளேதான் என்று நம்பி இறங்கினவன் ஏமாந்துபோவான். மரக்கட்டை, மூங்கில், ஆற்றுவாழை எல்லாம் அந்தத் தண்ணீரோடு வரும். பாதி அமிழ்ந்து வரும் ஒரு பலாக்கட்டை போதும், விசிறி உடைந்துவிடும்.

நம் மலை வாவியில் எஞ்சின் நின்றால் என்ன செய்வோம்? மூடியைக் கழற்றி, பிளக்கைத் துடைத்து, கயிற்றை இழுத்துப் பார்ப்போம். போட் அங்கேயே மிதந்துகொண்டிருக்கும். ஓடுகிற தண்ணீரில் அதே பழக்கத்தோடு மூடியைத் திறந்தால், பிளக் கையில் இருக்கும்போதே போட் முகத்துவாரத்தைத் தாண்டியிருக்கும். அங்கே முதலில் நங்கூரம், அப்புறம்தான் பிளக். நங்கூரத்தை முன்பக்கத்திலிருந்துதான் போட வேண்டும். பின்பக்கம் கட்டினால் ஓட்டம் அந்தப் பக்கத்தைக் கீழே இழுத்து, தண்ணீர் உள்ளே ஏறிவிடும். எஞ்சின் பாரமும் அங்கேதான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கயிறு ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும், நங்கூரத்தோடு சேர்ந்து ஒரு பாகம், அதாவது ஆறடி, சங்கிலியும் வேண்டும். நம் வாவிகளில் கல்லைக் கட்டி இறக்குவது போதும். ஓட்டத்தில் அந்தக் கல் நிற்காது.

முகத்துவாரத்தைக் கடப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை. தண்ணீர் வெளியே ஓடும்போது கடலிலிருந்து அலை உள்ளே வந்தால் இரண்டும் மணல் திட்டின் மேல் முட்டும். அலை குறுகி, செங்குத்தாக எழும்பி உடையும். அதே அலை பெருக்கு நேரத்தில் உருண்டையாக, சாதுவாக வரும். அதனால் பழைய ஆட்கள் பெருக்கு முடியப்போகிற நேரம் பார்த்துத்தான் கடப்பார்கள். அதற்கு முன்பு பத்து நிமிடம் எஞ்சினைச் சும்மா விட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஏறியிருக்கிற ஆட்களுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். பெரிய அலைகள் நாலைந்து கூட்டமாக வரும், பிறகு ஓர் ஓய்வு. வெள்ளை நுரைக்கு நடுவில் கறுப்பாக, உடையாமல் ஒரு பட்டை தெரியும். ஆழம் அங்கேதான். போன மாதம் அது இருந்த இடத்தில் இந்த மாதமும் இருக்கும் என்றில்லை. ஒரு வெள்ளம் போனால் மணல் இடம் மாறிவிடும்.

வெளியே போகும்போது அலையை முகம் கொடுத்து ஏறி, உச்சிக்கு வந்ததும் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் போட் அந்தரத்தில் போய்த் தொப்பென்று விழும், முன்னால் இருப்பவர்களின் முதுகெலும்புக்கு அது நல்லதில்லை. உள்ளே வருவது இன்னும் ஆபத்து. முன்னே போகிற ஓர் அலையின் முதுகிலேயே, அதன் வேகத்துக்கே ஒட்டிக்கொண்டு வர வேண்டும். அதைத் தாண்டி முன்னே பாய்ந்தால் மூக்கு பள்ளத்தில் குத்தி, பின்பக்கம் சுழன்று, பக்கவாட்டில் அடுத்த அலையை வாங்கிப் புரளும். மெதுவாக வந்தால் பின்னால் வருகிற அலை தலைக்கு மேல் உடையும். பாதி வழியில் பயந்து திருப்புவதைவிடக் கெட்ட யோசனை கிடையாது.

இறங்குதுறையில் சேர்ப்பதற்கு ஒரு சின்ன விஷயம். அருகில் நங்கூரமிட்டிருக்கிற வள்ளங்கள் எந்தப் பக்கம் மூக்கை வைத்திருக்கின்றன என்று பாருங்கள். காற்று பலமில்லை என்றால் ஓட்டம் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. நீங்களும் அதே பக்கம் மூக்கை வைத்து, ஓட்டத்தை எதிர்த்து மெதுவாக வந்தால் போட் சொல்வதைக் கேட்கும். ஓட்டத்தோடு வந்தால் பிரேக் இல்லாத லொறிதான். திட்டில் தட்டிவிட்டால், அது வற்று நேரமா பெருக்கு நேரமா என்று உடனே யோசிக்க வேண்டும். பெருக்கு நேரமென்றால் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் காத்திருக்கலாம், தண்ணீரே தூக்கிவிடும். வற்று என்றால் ஒவ்வொரு நிமிடமும் நட்டம். காலையில் தாண்டின திட்டு பின்னேரம் தாண்ட விடாது. அந்த இரண்டடியின் பெறுமதி அப்போதுதான் தெரியும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். நுவரெலியாவின் கிரகரி வாவி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, காசல்ரீ 1,100 மீற்றர் அளவில். உயரத்தில் காற்று மெலிது. 300 மீற்றருக்கு ஏறக்குறைய 3 வீதம் எஞ்சின் பலம் குறையும். நுவரெலியாவில் 40 குதிரைவலு எஞ்சின் 33 அளவுக்குத்தான் இழுக்கும். காற்றுக் குறைவதால் பெற்றோல் கூடிப்போய்க் கறுப்புப் புகை தள்ளும், பிளக் நனையும். அதனால் கார்பரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் ஜெட்டைச் சின்னதாகப் போடுவோம், இலைச் சாய்வு (பிட்ச்) குறைந்த விசிறியும் மாட்டுவோம். வாவிக்கு அது சரி. அதே எஞ்சினை அப்படியே லொறியில் ஏற்றிப் பாசிக்குடாவுக்குக் கொண்டுபோய் ஓட்டினால்? அங்கே காற்று அடர்த்தி, பெற்றோலோ இன்னமும் குறைவாக வருகிறது. கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். விசிறியும் இலேசு என்பதால் அளவுக்கு மீறிச் சுற்றும்.

அப்படி ஓர் எஞ்சின் என் பட்டறைக்கு வந்தது. "பாஸ், ரெண்டு நாள் பறந்துச்சு, மூணாம் நாள் செத்துருச்சு" என்றான் கொண்டுவந்த தம்பி. பிளக்கைக் கழற்றினேன். நுனி காப்பி நிறத்தில் இருக்க வேண்டியது, சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. தலையைத் திறந்தால் பிஸ்டனின் மேல் ஓரம் உருகி, வளையம் இறுகி, சிலிண்டர் சுவரில் நீளக் கீறல். அந்த இரண்டு நாளும் பறந்ததே நோயின் அறிகுறிதான். வேகம் கூடியதென்று சந்தோஷப்பட்டிருக்கிறான். கடலுக்கு இறக்கும் முன் பழைய பெரிய ஜெட்டைத் திரும்பப் போட அரை மணித்தியாலம் போதும். கழற்றின ஜெட்டை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு எஞ்சின் மூடிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். புதிய இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஆனால் நம் பக்கம் அதிகம் ஓடுவது பழைய டூ ஸ்ட்ரோக்தானே.

கடலிலிருந்து ஏறும் ஒவ்வொரு நாளும் எஞ்சினை நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவ வேண்டும். கழுவாத எஞ்சினில் தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினால் உப்பு கல்லாக உறைந்திருக்கும், ஸ்குரூ டிரைவரால் கிண்டித்தான் எடுக்கலாம். தண்ணீர் சுற்றுகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பின்னால் மெல்லிய நீர்த்தாரை ஒன்று, சின்னப் பிள்ளை ஒன்றுக்கு இருப்பது போல, விடாமல் பாய வேண்டும். ஆசிரியர் மன்னிக்கவும், பட்டறையில் நாங்கள் அப்படித்தான் சொல்லிப் பழக்கம். அது நின்றால் எஞ்சினையும் உடனே நிறுத்த வேண்டும். பெரும்பாலும் ஷொப்பிங் பை ஒன்று உறிஞ்சும் துளையை அடைத்திருக்கும்.

பயணம் போகிறவர்களும் ஏறுவதற்கு முன் இதையே பார்க்கலாம். அந்த நீர்த்தாரை வருகிறதா? ஓட்டுகிறவரின் கையிலோ அங்கியிலோ எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிறு மாட்டியிருக்கிறதா? அவர் தவறி விழுந்தால் அந்தக் கயிறுதான் எஞ்சினை நிறுத்தும். முன்பக்கம் நங்கூரம் உண்டா? உயிர்காப்பு அங்கி பிள்ளையின் அளவுக்கு இருக்கிறதா, அல்லது பெரியவர்களுடையதைத் தலையில் கவிழ்த்துவிடுகிறார்களா? இதைக் கேட்டால் முகம் சுளிக்கிறவரின் போட்டில் ஏறாதீர்கள். காசு உங்களுடையது.

எந்த மாதம் எங்கே என்பதற்கு நம் வாசலே கணக்கு. மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் நோர்வூட்டில் நாள் முழுக்கக் குடை பிடிக்கும் காலம், மேற்கும் தெற்கும் கடல் கொந்தளிக்கும், கிழக்கு அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று, கிழக்கு ஆகாது. ஆனால் கிழக்கின் அமைதியிலும் ஒரு சூது உண்டு. மே முதல் செப்டம்பர் வரையான அந்த மாதங்களில் கச்சான் என்கிற மேற்குக் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கரையோரம் தண்ணீர் சமமாகத்தான் தெரியும், பின்னேரம் காற்றும் கூடும், எஞ்சின் நின்றால் போட் போவது அந்தமான் பக்கம். போக மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், காற்றை எதிர்த்துத் திரும்பி வர ஒரு பங்கு, மற்றப் பங்கைத் தொடவே கூடாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பத்திரிகையில் ராகுகாலம், சுபநேரம் போடுகிற பெட்டிக்குக் கீழே இரண்டு வரி இடம் இருக்கிறது. போயாவுக்கு முந்தின நாளாவது கொழும்புக்கும் திருகோணமலைக்கும் உரிய வற்று, பெருக்கு நேரங்களையும், வளிமண்டலவியல் திணைக்களம் தமிழிலும் தருகிற கடற்பரப்பு அறிவித்தலையும் அங்கே போடுங்கள். வேன் புறப்படுவது விடிகாலை மூன்று மணிக்கு. முதல் நாள் பேப்பரில் இருந்தால்தான் அது பயன்படும்.

இப்படிக்கு,
எஞ்சின் திருத்துநர் ஒருவர்,
நோர்வூட்.